தூண்டில் கேள்வி பதில்

கேள்வி: கிண்ணியாப் பாலத்தடியில் போலி மீன் எறிந்து கொடுவா பிடிக்கிறேன். 20 றாத்தல் இழுவை தாங்கும் பின்னல் நூல். மீன் கொத்தி ஒரு துள்ளுத் துள்ளியதும் நூல் அறுந்துவிடுகிறது. இன்னும் தடித்த நூல் போடவா? – வாசகர், கிண்ணியா

பதில்: வேண்டாம். நூலின் பலம் போதும். உராய்வுதான் அதற்கு ஆகாது. கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு பிளேடு மாதிரி. தலையை உதறும்போது பின்னல் நூல் அதில் பட்டால் போச்சு. பாலத்தூண் மட்டியும் அப்படியே.

நுனியில் 40 றாத்தல் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நூல்) ஒரு மீற்றர் சேருங்கள். இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு: பின்னல் நூலால் 8 சுற்று, தங்கூசியால் 4 சுற்று. இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்வாக இழுத்தால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலமிழக்கும். பல முடிச்சுகள் கெடுவது கடை நூலால் அல்ல, கட்டும் கையால்தான்.

அடுத்தது ரீலின் இழுவை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிடி. கைக்கணக்கு வேண்டாம், கொக்கித் தராசை நூலில் மாட்டி இழுங்கள். 5 அல்லது 6 றாத்தலில் நூல் வழுகி ஓட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இழுவைத் திருகை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். கழுவி முடிந்ததும் திருகைத் தளர்த்தி வையுங்கள்.

பக்கத்தில் நிற்பவருக்கு மீன் பட்டால் உங்கள் நூலை உடனே சுற்றி எடுங்கள். சிக்கினால் இருவருக்கும் மீன் இல்லை. அத்தாங்கு (கைப்பிடி வலை) வைத்திருப்பவர் மீனின் தலைப்பக்கமாகவே ஏந்த வேண்டும்.