பெடல் ஏன் கீழே போனது?

கேள்வி: என்னிடம் 1991ஆம் ஆண்டு மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர் கார் ஒன்று இருக்கிறது. 1.6 எஞ்சின், 14 அங்குல ரிம். வருடத்தில் மூன்று நாலு தடவை கட்டுக்குருந்தை கார் ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறேன். போன முறை ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் மெத்தென்று கீழே போய்விட்டது. இரண்டு தரம் பம்ப் பண்ணியதும் திரும்பி வந்தது. கொழும்பில் ஒரு கடையில் நாலு பிஸ்டன் கலிப்பரும் பெரிய டிஸ்க்கும் சேர்ந்த செட்டுக்கு நான்கரை இலட்சம் கேட்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் துளை போட்ட டிஸ்க் நல்லதா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, பம்ப் பண்ணியதும் பெடல் திரும்பி வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே போதும். உங்கள் கலிப்பர், அதாவது பேட்டை டிஸ்க்கில் அமுக்கிப் பிடிக்கிற பகுதி, சின்னது என்பதால் அது நடக்கவில்லை. பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது. ஒயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் அந்த ஆவிக் குமிழைச் சுருக்குவதற்கே போய்விட்டது. பெடல் கல்லு மாதிரி நின்று, கார் மட்டும் நிற்காமல் ஓடியிருந்தால் பேட், டிஸ்க்கை உரசி நிறுத்துகிற அந்தத் தகடு, சூட்டில் பிடிப்பை இழந்தது என்று சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. காசு கொடுக்கும் முன்னர் எது உங்களுக்கு நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கல்லடியில் என் கராஜில் பாதி தீர்ந்த பிரேக் ஒயில் போத்தலை நான் வைத்திருப்பதே இல்லை. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, மாரியில் சுவரே வியர்க்கிற ஊர் இது. டொட் 4 என்ற தர எண் உள்ள ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். அக்கரைப்பற்றிலும் இதே காற்றுத்தான். கடைசியாக எப்போது ஒயில் மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் அனுபவத்தில், எழுதாதவர்கள் மாற்றியிருப்பதில்லை.

சூட்டின் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம், ஏனென்றால் முடிவு அதில்தான் இருக்கிறது. உங்கள் கார் ஆளோடு சேர்த்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60க்கு இறக்கினால் ஏறக்குறைய 417 கிலோஜூல் சக்தியை பிரேக் விழுங்க வேண்டும். அதில் 70 சதவீதம் முன்பக்கம் போகிறது என்றால் முன் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் 145 கிலோஜூல் அளவில் வரும். டிஸ்க் சுமார் 4 கிலோ இரும்பு. ஒரே மிதியில் அது 80 பாகை அளவுக்குச் சூடேறும். ரோட்டில் என்றால் அடுத்த பிரேக்குக்கு முன் ஆற நேரம் கிடைக்கும். ஓடுதளத்தில் சில விநாடிகளில் அடுத்த வளைவு வந்துவிடும், ஆறுவதற்குள் மேலே இன்னும் ஒரு 80. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரிய டிஸ்க் செய்கிற உண்மையான வேலை இங்கேதான். இரும்பு கூடினால் அதே சூட்டுக்கு ஏறும் பாகை குறையும். ஆனால் முதல் மிதியிலேயே கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இப்போதைய பிரேக்காலேயே உங்களால் நாலு சக்கரத்தையும் இறுக்கிவிட முடியும். அதற்கு மேல் நிறுத்துவது டயர்.

அதனால் என் யோசனை இது. முதலில் ஒயிலை முழுதாக மாற்றுங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ஒயில் புதிதாக 312 பாகை வரை தாங்கும், ஈரம் ஏறிய பிறகும் 200க்கு மேல் நிற்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் கலிப்பரில் ஒயிலோடு தங்கிய காற்றை வெளியே எடுங்கள். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ரப்பர் ஹோஸ் இன்னும் அதில் இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு எஃகு வலை பின்னிய ஹோஸ் போடுங்கள். கலிப்பர் வழுக்கி நகர்கிற பின்கள் இறுகியிருக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். இந்தக் கார்களில் நான் அடிக்கடி காணும் வருத்தம் அது: பேட் ஒரு பக்கம் முழுதாகத் தேய்ந்திருக்கும், மறு பக்கம் புதிது போல இருக்கும். அப்புறம் முன் பம்பரிலிருந்து மூன்று அங்குலக் குழாய் ஒன்றை டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு இழுத்துவிடுங்கள். உங்கள் முன் டிஸ்க் உள்ளே காற்றுப்பாதை உள்ளது, காற்றை நடுவிலிருந்துதான் இழுக்கும். வெளி முகத்துக்குக் காற்றடித்துப் பெரிய பலன் இல்லை.

இதற்குப் பிறகும் சூடு தாங்கவில்லை என்றால் 1.8 ரோட்ஸ்டரின் பிரேக்கைத் தேடுங்கள். உங்கள் முன் டிஸ்க் 235 மில்லிமீற்றர், 1.8இனுடையது 255. பின்பக்கமும் 231இலிருந்து 251 ஆகும். அந்தக் கார் வந்ததும் 14 அங்குல ரிம்மோடுதான், அதனால் உங்கள் ரிம் தடுக்காது. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் கலிப்பர், தாங்கி, டிஸ்க் எல்லாம் ஒரே காரில் கழற்றிய செட்டாகக் கேளுங்கள். முன்னும் பின்னும் சேர்த்து மாற்றுவதால் மஸ்டா அமைத்த சமநிலை பெரிதாகக் குலையாது. ஒரு தொன் எடையுள்ள காருக்கு இது தாராளமாகப் போதும் என்பது என் தீர்ப்பு.

நாலு பிஸ்டன் கலிப்பரைக் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: பிஸ்டனின் விட்டம் எவ்வளவு? உங்கள் பழைய கலிப்பரில் ஒற்றைப் பிஸ்டன், 51 மில்லிமீற்றர், பரப்பு 20 சதுர சென்ரிமீற்றர் சொச்சம். புதியதில் ஒரு பக்கத்துக்கு 44.5 மில்லிமீற்றர் பிஸ்டன் இரண்டு இருந்தால் பரப்பு 31 ஆகிவிடும், ஒன்றரை மடங்கு. பெடல் நீளமாகப் போகும், முன்சக்கரம் முந்தி இறுகும், பின் பிரேக் சும்மா கூட வரும். அத்தனை செலவுக்குப் பிறகு கார் முன்னைவிட நீண்ட தூரம் போய் நிற்கவும் கூடும். 35 மில்லிமீற்றர் அளவில் இரண்டு என்றால் பரப்பு 19, அது ஒத்துப்போகும். விட்டம் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள். பிஸ்டனுக்குத் தூசி ரப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிக்கென்றே செய்த பல கலிப்பர்களில் அது இருக்காது, எங்கள் கரையோர மணல் உள்ளே போய் சீலை அறுத்துவிடும்.

துளை போட்ட டிஸ்க் வேண்டாம். துளையின் விளிம்பில்தான் வெடிப்பு தொடங்கும். வெற்று டிஸ்க் நல்லது, கோடு வெட்டியது பரவாயில்லை.

பேட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓடுதளத்துக்கு மட்டும் என்று செய்த பேட் குளிரில் சரியாகப் பிடிக்காது. நீங்கள் காரை லொறியில் ஏற்றிப் போகிறவர் இல்லை, அதிலேயே 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போய் அதிலேயே திரும்பி வருகிறீர்கள். வழியில் பெரகலையிலிருந்து வெல்லவாய வரை அந்த இறக்கம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஓட்டம் முடிந்து இரவில் கொஸ்லந்தையைத் தாண்டி நான் இறங்கிக்கொண்டிருந்தபோது பெடல் தரையைத் தொட்டது. பகலில் ஒரு தடவை கொதித்த அதே ஒயில். இரண்டாம் கியருக்கு இழுத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலைப்பக்கக் கானில் சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். பக்கத்து ஆசனத்தில் என் தம்பி இருந்தான். அன்று அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு காற்றெடுக்கும் ஹோஸும் ஒரு போத்தல் புது ஒயிலும் இல்லாமல் நான் ஓடுதளத்துக்குப் போனதில்லை. ஓட்டம் முடிந்ததும் அங்கேயே ஒயிலைப் புதுப்பித்துவிட்டுத்தான் புறப்படுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பேட்டும் குளிரிலும் பிடிக்கிற, சூட்டிலும் தாங்குகிற நடுத்தர வகையாக இருக்கட்டும்.

கேள்வி: கடையில் டொட் 5 ஒயில்தான் இருந்தது. எண் கூடினால் நல்லதுதானே? டொட் 4 உள்ள காரில் ஊற்றலாமா?
– வாசகி, காத்தான்குடி

பதில்: ஊற்ற வேண்டாம். டொட் 5 சிலிக்கன் வகை, மற்றதோடு கலக்காது. டொட் 5.1 என்பது வேறு, அதை டொட் 4 உள்ள காரில் பாவிக்கலாம். பெயர் ஒன்று போல இருப்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். போத்தலில் சிலிக்கன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் காரை எடுக்காமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லி முழுவதையும் கழுவி எடுக்கச் செய்யுங்கள்.