குழந்தையின் குணம் குடலில் இருக்கிறதா?

கேள்வி: எனக்கு இது இரண்டாவது பிரசவம். ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. இப்போது இரண்டரை மாதம். தாய்ப்பாலோடு பால் மாவும் கலக்கிக் கொடுக்கிறேன். சாயங்காலமானால் இரண்டு மணி நேரம் விடாமல் அழுகிறாள். மூத்தவன் இப்படி இல்லை. ‘ஆபரேஷன் பிள்ளைக்குப் பிடிவாதம் அதிகம்’ என்கிறார் மாமியார். வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். குடலில் நல்ல கிருமி இல்லாத குழந்தை முரட்டுக் குணத்தோடு வளரும் என்று ஒரு வீடியோவில் சொல்லி, அந்தக் கிருமி அடங்கிய புரோபயோட்டிக் பவுடரை டப்பா 180 ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? பிள்ளையின் குணத்தை நானே கெடுத்துவிட்டேனா? 98 நாள் பிரசவ விடுப்பும் முடியப்போகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோவில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் அது உங்களை இவ்வளவு கலக்கியிருக்கிறது. குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் சுபாவத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ச்சி நடக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒன்றரை முதல் இரண்டேகால் வயது வரையிலான 77 குழந்தைகளின் மலத்தைச் சோதித்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குடலில் பலவகை பாக்டீரியா இருந்த பிள்ளைகளிடம் கலகலப்பு கூடுதலாக இருந்தது, அதுவும் ஆண் பிள்ளைகளிடம் அதிகமாக. அப்புறம் 2019-இல் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தார் 301 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். சரியாக உங்கள் மகளின் வயதில், இரண்டரை மாதத்தில், மலத்தை எடுத்து வைத்தார்கள். ஆறாவது மாதத்தில் சுபாவத்தைக் கேட்டறிந்தார்கள். குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோபாக்டீரியா என்ற வகை அதிகம் இருந்த குழந்தைகளிடம் மகிழ்ச்சி சற்றுக் கூடுதலாகவும், பலவகை பாக்டீரியா இருந்தவர்களிடம் பயம் சற்றுக் குறைவாகவும் தெரிந்தது.

‘சற்று’ என்பதை அந்த வியாபாரி சொல்லியிருக்க மாட்டார். இரண்டு ஆய்விலும் சுபாவத்தைச் சொன்னவர்கள் பெற்றோர்தான். கேள்வித்தாளில் அவர்கள் குறித்தது அது. இரவெல்லாம் கண்விழித்த தாய்க்கும் நன்றாகத் தூங்கிய தாய்க்கும் ஒரே குழந்தை ஒரே மாதிரி தெரியாது. பாக்டீரியாவும் சுபாவமும் சேர்ந்து காணப்பட்டன என்பதால் ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்கியது என்றும் ஆகாது. குடலிலிருந்து நரம்பு வழியாகவும் நோய் எதிர்ப்பு மண்டலம் வழியாகவும் மூளைக்குச் செய்தி போகிறது, சரி. மூளையும் திருப்பிச் செய்தி அனுப்புகிறது. மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன் குடலின் நிலையையே மாற்றும். ஆகவே சுபாவம்தான் பாக்டீரியாவை மாற்றுகிறதோ என்னவோ! ஒரு டப்பா பவுடரால் உங்கள் மகளின் குணம் மாறும் என்று இந்த ஆய்வுகளில் எதுவும் காட்டவில்லை.

ஆபரேஷனில் பிறந்த குழந்தையின் குடலில் முதலில் குடியேறும் பாக்டீரியா கொஞ்சம் வேறாக இருப்பது உண்மை. முதல் ஆண்டு போகப்போக அந்த வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிடும். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அது பிஃபிடோபாக்டீரியாவுக்கான சாப்பாடு. நீங்கள் தரும் பாலில் அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. பால் மாவும் சேர்த்துக் கொடுக்கிறேனே என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். முடிந்தவரை தாய்ப்பால் கொடுங்கள், வேலைக்குத் திரும்பினாலும் பீய்ச்சி எடுத்து வையுங்கள்.

மாமியாரிடம் பிடிவாதத்தைப் பற்றி வாதாட வேண்டாம். வசம்பை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அதில் ஆசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பச்சிளம் குழந்தைக்கு அது ஆபத்தாகலாம். தேனும் ஒரு வயது வரை கூடாது. பேத்தியின் மேல் அக்கறை இருப்பதால்தானே சொல்கிறார்? சாயங்காலம் ஒரு மணி நேரம் குழந்தையைத் தோளில் போட்டு உலாத்தச் சொல்லுங்கள். நீங்கள் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணை மூடுங்கள்.

இந்த வயதுக் குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே குறையும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளின் விடாத அழுகையை லாக்டோபாசில்லஸ் ரியூட்டரி என்ற ஒருவகை பாக்டீரியா குறைத்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் பால் மாவு குடிக்கும் குழந்தைகளையும் சேர்த்து 167 பேருக்குச் செய்த ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. உங்கள் மகள் இரண்டும் குடிப்பவள். எந்த பாக்டீரியா, எவ்வளவு என்றே எழுதாத பவுடரை அவளுக்குத் தரவே கூடாது. வேறு ஏதாவது புரோபயோட்டிக் தர வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். 180 ரிங்கிட்டைச் சேமித்து, வாரத்தில் இரண்டு நாள் வீட்டு வேலைக்கு யாராவது கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இப்போது அதுதான் பயன்படும்.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், வாந்தி பச்சையாக வந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், உடம்பு துவண்டு போனால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எடை ஏறுகிறதா என்பதை அரசாங்க கிளினிக்கில் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கேளுங்கள். அழுகை தாங்க முடியாமல் கோபம் வந்தால் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு நீங்கள் அறையைவிட்டு வெளியே வாருங்கள். என்ன ஆனாலும் குலுக்கக் கூடாது. உங்களுக்கும் தினமும் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால், அதையும் அந்த கிளினிக்கின் நர்ஸிடமே சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு வருவது அது, சிகிச்சையும் இருக்கிறது.