மறைந்து பறப்பது யாருக்குத் தேவை?

கேள்வி: சிங்கப்பூர் எஃப்-35 ரகப் போர் விமானங்களை வாங்குகிறது. மலேசியாவில் நாமோ எஃப்ஏ-50 ரக இலகு விமானங்களைத்தான் வாங்கியிருக்கிறோம். ரேடாருக்குப் பிடிபடாத விமானம் இல்லாமல் நாட்டைத் தற்காக்க முடியுமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ரேடாருக்குப் பிடிபடாத விமானம் என்று எதுவும் இல்லை, தாமதமாகப் பிடிபடும் விமானம்தான் உண்டு. ஒரு விமானம் திருப்பியனுப்பும் ரேடார் அலையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், அது கண்டுபிடிக்கப்படும் தூரம் பத்தில் ஒரு பங்காகத்தான் சுருங்கும். 400 கிலோமீட்டரில் தெரிந்திருக்க வேண்டியது 40 கிலோமீட்டரில் தெரியும். அதனால் எதிரியின் ரேடார்களுக்கு இடையே சந்துகள் திறக்கின்றன. அவற்றின் வழியே நுழைந்து முதல் இரவிலேயே அவனுடைய கட்டளை மையங்களைத் தகர்ப்பதே இவ்விமானத்தின் முதன்மையான வேலை. 1991இல் பாக்தாத்தில் அமெரிக்காவின் எஃப்-117 இதைத்தான் செய்தது. அதே எஃப்-117 ஒன்றை 1999 மார்ச் 27 அன்று செர்பியப் படை பழைய சோவியத் ஏவுகணையால் வீழ்த்தியதையும் மறக்கக் கூடாது.

சிங்கப்பூரின் கணக்கு வேறு. பின்வாங்க நிலமில்லாத அத்தீவில் ஓடுபாதைகள் தாக்கப்பட்டால் மாற்று இடம் அரிது. அது வாங்கும் 20 விமானங்களில் 12, குறுகிய ஓட்டத்தில் மேலெழுந்து செங்குத்தாகத் தரையிறங்கும் பி ரகமாக இருப்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

நமக்கு நேர்ந்த சோதனை எது? 2021 மே 31 அன்று 16 சீனப் போக்குவரத்து விமானங்கள் சரவாக் கடற்பரப்பை நெருங்கின. வானொலி அழைப்புக்குப் பதில் வராததால், லாபுவானிலிருந்து ஹாக் 208 விமானங்கள் சென்று அவற்றை நேரில் அடையாளம் கண்டன. அன்று நம் ரேடார் பார்த்திருந்தது, விமானம் பறக்கும் நிலையில் இருந்தது; இந்த இரண்டும்தான் நாட்டைக் காத்தன. நம் விமானம் அங்கே கண்ணில் படுவதே அப்பணியின் நோக்கம். எஃப்-35கூட அமைதிக் காலத்தில் தன்னை ரேடாரில் தெளிவாகக் காட்டும் சிறு பிரதிபலிப்பான்களை உடலில் பொருத்திக்கொண்டே பெரும்பாலும் பறக்கிறது.

பராமரிப்பு என்பது இன்னும் கசப்பான விஷயம். 2018இல் அன்றைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு, நம்மிடமிருந்த 28 ரஷ்யப் போர் விமானங்களில் 4 மட்டுமே பறக்கும் நிலையில் இருப்பதாக நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அலையை உறிஞ்சும் மேற்பூச்சு கீறாமலும் உரியாமலும் காக்கப்பட வேண்டிய ஒரு விமானத்தை, நம் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் இதே பழக்கத்தோடு எப்படி வைத்துக் காப்பாற்றுவோம்?

உங்கள் ஊர்த் தளத்திலிருந்து ஃபெரிப் பயணிகள் அண்ணாந்து பார்க்கும்படி இரைந்து கிளம்பும் எஃப்/ஏ-18டி விமானங்கள் 1997இல் வந்தவை, எட்டே எட்டு. அவற்றுக்கு மாற்று தேவை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது எஃப்-35 எப்போது வரும் என்று கேட்காதீர்கள். சரவாக், சபா கடற்பரப்பை நம் ரேடார்கள் இடைவெளியின்றிப் பார்க்கின்றனவா, இன்று காலை எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருந்தன என்று கேளுங்கள்.