வாசகர் கேள்வி பதில்: முகமே விசாவான பிள்ளைகள்

கேள்வி: வியட்நாம் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகள் பிற்பாடு அமெரிக்கா போனார்களாமே, அப்பாவைக் கண்டுபிடித்தார்களா?
– வாசகி, திருச்சி

பதில்: மிகச் சிலர்தான். தேடுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே! 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்ட் படைகளிடம் விழுந்ததும், அமெரிக்கனோடு வாழ்ந்தது தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் நிறைய அம்மாக்கள் போட்டோ, கடிதம், விலாசம் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார்கள். முகத்தை எப்படி மறைப்பது? கேலி தாங்காமல் பள்ளியை விட்டவர்கள், தெருவிலேயே வளர்ந்தவர்கள் ஏராளம், அதிலும் கறுப்பினச் சிப்பாயின் பிள்ளை என்றால் ஏச்சு இன்னும் அதிகம்.

1987 டிசம்பரில் அமெரிக்கா இவர்களுக்கென்று ஒரு சட்டம் போட்டது. அதற்குள் பலர் பதின்வயதைத் தொட்டுவிட்டார்கள், சிலர் தாண்டியும் விட்டார்கள். 1962 தொடங்கி 1975 முடிய பிறந்தவர்கள் குடும்பத்தோடு வரலாம். காகிதம் இல்லாவிட்டாலும் முகச்சாயல் போதும். உடனே என்ன நடந்தது தெரியுமா? அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத பிள்ளையை, காசுள்ள குடும்பங்கள் விலை பேசி ‘எங்கள் மகன்’ என்று சொல்லி விமானம் ஏறின, போய் இறங்கியதும் கழற்றிவிட்டவர்களும் உண்டு. அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது.

20,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலோர் வழியில் பிலிப்பைன்ஸின் பட்டான் முகாமில் சில மாதம் ஆங்கிலம் படித்துவிட்டு. சரி, போன இடத்திலாவது ஒட்டியதா? அமெரிக்கர்களுக்கு இவர்கள் வியட்நாம்காரர்கள், அங்கே குடியேறியிருந்த வியட்நாம்காரர்கள் பலருக்கோ அமெரிக்கன் பெற்ற பிள்ளைகள். அப்பா கிடைத்தாலும் அவருக்கு வேறு மனைவி, வேறு பிள்ளைகள், பழசைக் கிளற விரும்பாதவர்களும் இருந்தார்கள். கடைசியில் தங்களைப் போன்றவர்களோடு சேர்ந்துகொண்டதுதான் பலருக்கு ஆறுதல். அப்புறம் டிஎன்ஏ பரிசோதனை மலிவானதும், ஐம்பதை ஒட்டிய வயதில் சிலருக்கு அப்பா கிடைத்தார், அவர் காலமாகியிருந்தால் அப்பா வழி அண்ணன் தங்கை.

கேள்வி: பிலிப்பைன்ஸிலும் அமெரிக்கத் தளங்கள் இருந்தனவே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருந்தன, பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொரியா, தாய்லாந்து, லாவோஸ் பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக்கொண்ட அமெரிக்காவின் 1982 சட்டத்தில் பிலிப்பைன்ஸின் பெயர் இல்லை, 1987-இன் சட்டமோ வியட்நாமுக்கு மட்டும். 1992 நவம்பரில் சுபிக் தளத்தைக் காலி செய்துவிட்டுக் கடற்படை கிளம்பியது. பக்கத்து ஊர் ஒலோங்கப்போவில் பிறந்த பிள்ளைகளுக்கு, அப்பாவே முன்வந்து தன் பிள்ளை என்று எழுதிக் கொடுத்தால்தான் அமெரிக்கக் குடியுரிமை உண்டு, அதுவும் பதினெட்டு வயதுக்குள்.