டாஷ்போர்டு கற்க 40,000 ரூபாய் எதற்கு?

கேள்வி: துணி ஏற்றுமதி நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எக்செல் நன்றாகத் தெரியும்; பைத்தான் ஓரளவு வரும். மாதத்தையும் ஊரையும் மேலாளரே மாற்றி மாற்றி விற்பனையைப் பார்க்கும்படி ஒரு டாஷ்போர்டு செய்ய ஆசை. பயிற்சி மையம் ஒன்றில் ஆறு மாதப் படிப்புக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தேவையான ஸ்ட்ரீம்லிட், அதாவது பைத்தானிலேயே டாஷ்போர்டு செய்ய உதவும் கருவி, 2019 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் விளக்கக் குறிப்புகளும் இலவசம்தான். அவற்றைத்தான் சில மையங்கள் அச்செடுத்து, நூலாகத் தைத்து விற்கின்றன. வகுப்பில் இருபது பேர் இருந்தால் இருபது பேரும் செய்து முடிப்பது பயிற்சிக்கென்று எல்லோரும் எடுக்கும் டைட்டானிக் கப்பல் பயணிகள் பட்டியலை வைத்த ஒரே டாஷ்போர்டாக இருக்கும். 'வேலை உறுதி' என்றால் எழுத்தில் கேளுங்கள்; பேச்சு மாறும். தவணை வசதி என்று நீட்டப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பல நேரம் அது நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தமாக இருக்கும். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை விடாது. கல்லூரிகள் நிரலைத் தாளில் எழுதவைத்து மதிப்பெண் போடும்வரை இந்தக் கடைகளுக்குக் கூட்டம் குறையாது.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் எக்செல் தாளை சி.எஸ்.வி.யாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) சேமித்து, பாண்டாஸ் என்ற பைத்தான் நிரலகம் மூலம் படித்து, முதலில் அட்டவணையாக மட்டும் காட்டுங்கள். அது வந்த பிறகு ஊரைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி, அதன் பிறகு விளக்கப்படம். கோப்பை வழக்கம்போல் பைத்தான் கட்டளையால் ஓட்டினால் எச்சரிக்கைகள்தான் கொட்டும். 'ஸ்ட்ரீம்லிட் ரன்' என்ற கட்டளையால் ஓட்டுங்கள்.

திரையில் எதைத் தொட்டாலும் உங்கள் நிரல் முதல் வரியிலிருந்து மீண்டும் ஓடும். அதனால் கோப்பைப் படிக்கும் பகுதியைத் தனிச் செயற்கூறாக்கி, அதன் தலையில், ஒருமுறை படித்ததைச் சேமித்து வைக்கச் சொல்லும் 'கேஷ் டேட்டா' (cache_data) குறிப்பைப் போடுங்கள். பழைய காணொளிகள் வெறும் 'கேஷ்' என்று சொல்லும், அது வழக்கொழிந்தது.

பொத்தான் மட்டும் தனிச் சாதி. தேர்வுப் பெட்டியும் நகர்த்துபட்டையும் தங்கள் மதிப்பை நினைவில் வைத்திருக்கும், பொத்தான் வைத்திருக்காது. அழுத்தியதும் ஓடும் அந்த ஒரு முறைக்குத்தான் அது 'ஆம்' என்று சொல்லும். 'அறிக்கை காட்டு' என்ற பொத்தானை அழுத்தினால் ஓடும் பகுதிக்குள் ஊர்ப் பெட்டியை வைத்தீர்களானால், மேலாளர் ஊரை மாற்றியவுடன் நிரல் மறுபடி ஓடும், பொத்தான் 'இல்லை' என்றுவிடும், அறிக்கையும் பெட்டியும் சேர்ந்தே காணாமல் போகும். கணினி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பொத்தானுக்குப் பதில் டிக் பெட்டி வையுங்கள். பொத்தான்தான் வேண்டுமென்றால் அது அழுத்தப்பட்டதை 'செஷன் ஸ்டேட்' என்ற ஸ்ட்ரீம்லிட்டின் நினைவகத்தில் குறித்து வையுங்கள்.

நிறுவனத்தின் விற்பனைக் கணக்கைப் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் திறந்திருக்கும்படி ஏற்றாதீர்கள். அலுவலகக் கணினி ஒன்றில் ஓட்டினால் அதே நெட்வொர்க்கில் உள்ள மேலாளர் தம் உலாவியில் பார்க்கலாம். அதற்கு ஐ.டி. பிரிவின் அனுமதி வேண்டியிருக்கும். நிரல் எழுத ஆகும் காலத்தைவிட அந்தக் கையெழுத்துக்கு அதிக காலம் ஆகலாம். மனுவை இன்றே கொடுத்துவிடுங்கள்.