வந்த பன்னிரண்டு பேரோடு தொடங்குங்கள்

கேள்வி: வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில், எங்கள் பகுதி நண்பர்களையும், வேலைக்காகத் துபாய், ரியாத், சிங்கப்பூர் சென்றுவிட்ட பள்ளித் தோழர்களையும் சேர்த்து ஒரு கில்டு (விளையாட்டுக் குழு) நடத்துகிறேன். மொத்தம் 34 பேர். அவர்களில் 27 பேர் உச்சமான 60-ஆம் நிலையை எட்டிவிட்டார்கள். பலர் சேர்ந்து பெரிய எதிரிகளோடு போரிடும் மோல்டன் கோர் ரெய்டுக்குப் போகலாம் என்று நான்கு மாதங்களாகச் சொல்லி வருகிறேன். கியர் (கவசம், ஆயுதம்) சேருங்கள் என்றால் எல்லோரும் சரி என்கிறார்கள். ஆனால் யாரும் சேர்ப்பதில்லை. அழைத்த நாளில் 12 பேருக்கு மேல் வந்ததில்லை. மற்றவர்களின் காயத்தை ஆற்றும் நல்ல ஹீலர் ஒருவர் போன மாதம் வேறு கில்டுக்குப் போய்விட்டார். வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் கல்லூரி மாணவர்கள் சிலரும் தேர்வு என்று சொல்லி ஒதுங்குகிறார்கள். இவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வராதவர்களை நினைத்து மிகவும் வருந்தியிருக்கிறீர்கள். ஆனால், நீங்கள் அழைத்த நாளெல்லாம் 12 பேர் வந்து, காத்திருந்து, ஆள் போதவில்லை என்று திரும்பிப் போயிருக்கிறார்கள் என்பதையும் அதே கடிதம் சொல்கிறது. எனக்கு அவர்களைப் பற்றித்தான் கவலை. உங்களை விட்டுப் போன ஹீலரும் அவர்களில் ஒருவராகவே இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். வேலை முடிந்து, வீட்டில் ஆயிரம் சமாதானம் சொல்லிவிட்டு வந்து உட்காருகிற ஒருவர், ஒன்றும் நடக்காமல் மூன்று முறை எழுந்து போனால், நான்காம் முறை வரமாட்டார். ஆகவே, வராத 22 பேரைச் சில வாரங்களுக்கு மறந்துவிட்டு, வந்த 12 பேருக்கு ஒரு வெற்றியைத் தேடிக் கொடுங்கள்.

மோல்டன் கோருக்கு 40 பேர் என்பது உள்ளே செல்லக்கூடிய உச்ச எண்ணிக்கை. கைதேர்ந்த கில்டுகள் அதைவிடக் குறைந்த ஆட்களோடு அதை முடித்திருக்கின்றன. அதற்கு முன்பே, கிளாசிக்கில் 10 பேர் செல்லக்கூடிய அப்பர் பிளாக்ராக் ஸ்பையர் என்ற கோட்டை இருக்கிறது. ஒருவர் கையில் சாவி இருந்தால் அனைவரும் உள்ளே போய்விடலாம். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் போக, மீதி இருவர் முறைவைத்து மாறிக்கொள்ளட்டும். பின்னால் வரும் ரெய்டுகளான ஒனிக்ஸியாவின் குகைக்கும் பிளாக்விங் லேருக்கும் செல்வதற்கான அனுமதியைப் பெறும் வழி இந்தக் கோட்டைக்குள்ளேதான் போகிறது என்பதால், இங்கே செலவிடும் எந்த மாலையும் வீணாவதில்லை. ஆட்கள் சற்றுப் பெருகியதும் 20 பேருக்கான சுல்குரூப் ரெய்டு. அங்கே இரண்டு மூன்று பாஸ்களை (தலைமை எதிரிகளை) வீழ்த்திய செய்தி பரவினாலே, இப்போது சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் தாமாகவே இடம் கேட்டு வருவார்கள்.

இனி கியர். "கியர் சேருங்கள்" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை, தம்பி. எதற்காக, எவ்வளவு, எங்கே என்று தெரியாத வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. மோல்டன் கோரின் கடைசி பாஸான ராக்னரோஸை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை தொடங்கி மூன்று நிமிடம் ஆனதும் அவன் எரிமலைக் குழம்புக்குள் மூழ்கி, எட்டு நெருப்பு மைந்தர்களை மேலே அனுப்புவான். அவர்கள் ஹீலர்களின் மானாவை (மந்திர ஆற்றலை) எரித்துவிடுவார்கள். பழகாத குழு பெரும்பாலும் அங்கேதான் சிதறும். அந்த மூன்று நிமிடத்துக்குள் அவனை வீழ்த்திவிட்டால் அந்தக் கட்டமே வராது. பின்வரிசையில் நின்று அடிக்கும் ஒருவர், தன் பழைய வாளை மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் இந்த மூன்று நிமிடக் கணக்கை விளக்கிச் சொல்லுங்கள். அந்த வாளுக்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிடும். எதிரியின் அடியைத் தாங்கி முன்னே நிற்கும் டேங்கிடம் நெருப்பு எதிர்ப்புக் கியரின் தேவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். லூசிஃபிரான் என்ற பாஸ் போடும் சாபத்தை நீக்க மேஜ், டிரூயிட் வகை வீரர்கள் வேண்டும் என்பதையும், மாக்மதார் என்ற பாஸ் வெறிகொள்ளும்போது அதை அடக்கும் டிராங்குவிலைசிங் ஷாட் ஹண்டர் வகை வீரர்களிடம் மட்டுமே இருக்கும் என்பதையும், அங்குள்ள ஏழு ரூன்களை (மந்திரக் குறிகளை) அணைக்கும் நீரைப் பெற ஹைட்ராக்ஸியன் வாட்டர்லார்ட்ஸ் என்ற பிரிவினரிடம் முன்கூட்டியே நற்பெயர் ஈட்டியிருக்காவிட்டால் கடைசி பாஸை எழுப்பவே முடியாது என்பதையும் அவரவரிடம் நேரடியாகப் பேசுங்கள். இப்படிப் பேசும்போது, தான் இல்லாவிட்டால் நடக்காத ஒரு வேலை தன்னிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிய வரும்.

பேசி முடித்ததும் ஒவ்வொருவருக்கும் இரண்டே இரண்டு பொருள்களைக் குறித்துக் கொடுங்கள். இருபது பொருள்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்தால் மலைத்துப்போய் ஒன்றையும் தொடமாட்டார்கள். ஸ்டிராட்ஹோம், ஸ்கோலோமான்ஸ் போன்ற, ஐந்து பேர் செல்லும் டஞ்சன்களில் (எதிரிகள் நிறைந்த நிலவறைகளில்) கிடைக்கும் பொருள் என்றால், அவரோடு இன்னும் மூன்று பேரை நீங்களே சேர்த்து, நீங்களும் உடன் போங்கள். மோல்டன் கோர் நுழைவு அனுமதிக்காக பிளாக்ராக் டெப்த்ஸ் டஞ்சனின் அடிவரை சென்று 'கோர் ஃபிராக்மென்ட்' என்ற பொருளை எடுத்துவரும் வேலையையும் ஐந்து ஐந்து பேராக ஒரே மாலையில் முடித்துவிடலாம். தலைவர் தனக்கு ஒன்றும் கிடைக்காத டஞ்சனுக்கு, பிறருக்காக நான்காம் முறையும் வந்து நிற்பதைப் பார்த்த ஒருவர், தன் முறை வரும்போது தானும் வந்து நிற்பார்; இதை என் அனுபவத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

நாள் குறிப்பதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஏனெனில் நம் ஊர்க் கோயில் கொடை விழாவைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். மும்பையிலும் சென்னையிலும் இருப்பவர்கள் கொடைக்கு ஊருக்கு வந்து சேருவது யாரும் கெஞ்சி அழைப்பதால் நடப்பதில்லை. கால்நாட்டு (பந்தல்கால் நடுதல்) முடிந்ததும் நாள் மாறாது என்பதும், வீட்டுக்கு இவ்வளவு வரி என்பதும், தன் வீட்டு வரி நோட்டில் ஏறிவிட்டது என்பதும் அவர்களை இழுத்து வருகின்றன. உங்கள் கில்டில் நாள் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கிறேன். சனிக்கிழமை இரவு 8 மணி என்று வைத்துக்கொண்டால், துபாயில் 6.30, ரியாத்தில் 5.30, சிங்கப்பூரில் 10.30. ரியாத் நண்பருக்கு மறுநாள் வேலை நாள் என்றாலும், 11 மணிக்கு முடித்தால் அவருக்கு 8.30 தான் ஆகும். சிங்கப்பூர்க்காரருக்கு நள்ளிரவு தாண்டிவிடும் என்றாலும் மறுநாள் விடுமுறை. எல்லோருக்கும் முழுவதும் பொருந்தும் நேரம் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒரு நேரத்தை முடிவு செய்து, வருவோர் எத்தனை பேரானாலும் அந்த நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். வரி என்ற முறையையும் கொண்டுவரலாம்: மருந்து தயாரிக்கத் தெரிந்தவர் வாரம் சில நெருப்புத் தடுப்பு மருந்துகளையும், மூலிகை பறிப்பவர் ஒரு கட்டு மூலிகையையும் கில்டு வங்கியில் போடட்டும். சிறிதளவாவது கொடுத்தவருக்கு அந்த ரெய்டு தன்னுடையது ஆகிவிடுகிறது.

லூட் (ரெய்டில் கிடைக்கும் பொருள்) பங்கீட்டில் மட்டும் உங்களிடம் கண்டிப்பாகப் பேச விரும்புகிறேன், ஏனெனில் நான் நடத்திய கில்டு அதனால்தான் உடைந்தது. 2019-ல் கிளாசிக் வெளிவந்த பிறகு நண்பர்களோடு தொடங்கிய கில்டு அது. மோல்டன் கோரில் ஒரு கேடயம் விழுந்தபோது, எங்களுக்கு விதி என்று எதுவும் இல்லாததால், ஏழு வாரம் தவறாமல் வந்த டேங்கை விட்டுவிட்டு, எனக்கு நெருக்கமான நண்பருக்குக் கொடுத்தேன். அந்த டேங்க் ஒரு வார்த்தையும் பேசவில்லை, மறுவாரம் வரவில்லை. அவரோடு இன்னும் ஆறு பேர் வரவில்லை. இன்றுவரை அதை நினைத்து வருந்துகிறேன். பொருள் விழுவதற்கு முன்பே விதியை எழுதிவையுங்கள். 1999-ல் வெளிவந்த எவர்குவெஸ்ட் விளையாட்டின் கில்டுகளில் பிறந்த டிகேபி என்ற புள்ளி முறை உங்கள் நிலைமைக்குப் பொருந்தும்: வந்த ஒவ்வொரு ரெய்டுக்கும் புள்ளி சேரும், பொருள் வாங்கினால் குறையும். மூவரோ நால்வரோ கூடி முடிவு செய்யும் லூட் கவுன்சில் முறை, ஒருவரை ஒருவர் நெடுநாள் நம்பிப் பழகிய கில்டுகளுக்கே உகந்தது. உங்களுக்கு இப்போது வேண்டாம். கொடை முடிந்ததும் வரவு செலவைக் கூட்டத்தில் வாசிப்பதைப் போல, ஒவ்வொரு ரெய்டு முடிந்ததும் யாருக்கு என்ன போனது, யாருக்கு எத்தனை புள்ளி என்பதைக் குழுவில் போட்டுவிடுங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களை வற்புறுத்த வேண்டாம். எந்தத் தேதி வரை வரமாட்டார்கள் என்பதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதுவரை சேர்த்த புள்ளி அப்படியே இருக்கும் என்று வாக்குக் கொடுங்கள். போய்விட்ட ஹீலரிடம் திரும்பி வரச் சொல்லிக் கேட்காதீர்கள். காத்திருக்க வைத்ததற்கு ஒரு வரியில் வருத்தம் தெரிவித்து, சனிக்கிழமை 8 மணிக்கு அப்பர் பிளாக்ராக் ஸ்பையர் போகிறோம் என்ற செய்தியை மட்டும் சொல்லி வையுங்கள். பிறகு அந்தப் பன்னிரண்டு பேருக்கும் இன்று இரவே தனித்தனியாக, அவரவர் பெயர் சொல்லி எழுதுங்கள்.