பெட்டியில் 1000 வாட், காருக்குள் எத்தனை?

கேள்வி: என் காரில் கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோவும் நான்கு கதவு ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே பாட்டு கரகரக்கிறது. ஆம்ப்ளிஃபயர் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். நான்கு சேனல், 1000 வாட் என்று போட்ட ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் என் ஸ்டீரியோவின் பின்னால், ஆம்புக்கு சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ பின் குத்த இடமே இல்லை. ஸ்டீரியோவையும் மாற்ற வேண்டுமா?

பதில்: ஸ்டீரியோ இருக்கட்டும். அந்த 1000 வாட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வண்டி ஓடும்போது கிடைப்பது அதிகபட்சம் 14.4 வோல்ட் அளவுதான். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோ சுத்தமாகத் தரக்கூடியது, கணக்குப்படியே சேனலுக்கு 26 வாட்டுக்குள். நடைமுறையில் 20ஐ ஒட்டி நிற்கும். முகப்பில் '50×4' என்று அச்சிட்டிருந்தாலும் இதுதான் நிலைமை. அதற்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்படும். அந்த வெட்டைத்தான் நீங்கள் கரகரப்பாகக் கேட்கிறீர்கள். ஆக, ஆம்ப் வைக்கும் யோசனை சரியானதே.

இனி 1000 வாட். கடையில் நின்றபடியே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 20 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 20ஐ 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 276 வாட். ஆம்ப் உள்ளே தொடர்ந்து இழுத்துக்கொள்ளக்கூடியதே அவ்வளவுதான். ஏபி வகுப்பு ஆம்ப் என்றால் அதில் பாதியோ, சற்று கூடுதலோ ஒலியாகும்; மிச்சம் சூடு. டி வகுப்பு என்றால் எண்பது சதவீதம்வரை தேறும். ஆக, நான்கு சேனலுக்கும் சேர்த்து 150லிருந்து 220 வாட்; சேனலுக்கு ஏறக்குறைய 40லிருந்து 55. 1000 எங்கே போனது? கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தை நான்கு சேனலுக்கும் கூட்டி எழுதும் பழக்கம் அது. பெட்டியில் 'ஆர்எம்எஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள்; ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட் அதுதான். ஆம்பின் வாட்டை அளப்பதற்கென்றே வகுத்த சிடிஏ-2006 முறைப்படி அளந்தது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒரு சதவீதத்துக்கு மிகாத ஒலிச்சிதைவுடன் அளந்த எண் அது.

ஏமாற வேண்டாம் என்றேனே தவிர, 40 வாட் குறைவு என்று சொல்லவில்லை. கதவு ஸ்பீக்கருக்கு சேனலுக்கு 40 வாட் ஆர்எம்எஸ் தாராளம். வாங்கும் முன் ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிக் காந்தத்தின் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். கம்பெனி ஸ்பீக்கர் அவ்வளவு தாங்காது என்றால் பட்ஜெட்டில் அதற்கும் இடம் வையுங்கள்.

ஆர்சிஏ இல்லாததற்கு வழி, 'ஹை லெவல் இன்புட்' உள்ள ஆம்ப். ஸ்டீரியோவிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரையே அது சிக்னலாக எடுத்துக்கொள்ளும். அந்த வசதி இல்லாத ஆம்ப்தான் பிடித்திருக்கிறது என்றால் நடுவே ஒரு லைன் அவுட் கன்வர்ட்டர் போட வேண்டும்; ஸ்பீக்கர் வயரின் சிக்னலை ஆர்சிஏ அளவுக்குக் குறைத்துத் தரும் சின்னப் பெட்டி அது.

சொந்தமாக வயர் இழுக்கிறவர்கள் அதிகம் சறுக்குவது அடுத்த இடத்தில். ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயர் ஆம்பின் உள்ளீட்டுக்குப் போக வேண்டும். ஆம்பின் வெளியீடு ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். பழைய இணைப்பைத் துண்டிக்காமல் ஆம்பின் வெளியீட்டையும் அதே வயரில் கொண்டுபோய்ச் சேர்த்தால், இரண்டு ஆம்புகள் ஒன்றின் வாயில் ஒன்று மின்சாரத்தைத் தள்ளும். ஸ்டீரியோவின் கதை பெரும்பாலும் அங்கேயே முடியும். ஸ்பீக்கரின் மைனஸை வண்டியின் பாடியில் முடிவதும் அதே போன்ற தப்புதான். இந்த ஸ்டீரியோக்களில் அந்த மைனஸ் எர்த் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது.

வயர் வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். ஆம்புக்கான பவர் வயர் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். ஸ்டீரியோவின் மஞ்சள் வயரில் கிளை எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைத்தான் காக்கும். வழியில் தகரம் உராய்ந்து வயர் பாடியைத் தொட்டால், தீப்பிடிக்காமல் காப்பது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ். உங்கள் அளவு ஆம்புக்கு 8 கேஜ் செம்பு வயர் போதும். 'சிசிஏ' என்று எழுதியிருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்; அதையே வாங்குவதானால் ஒரு சுற்று தடிமன் கூட்டுங்கள். ஆம்பில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், வயரில் வேண்டாம்.

ஆம்பை எழுப்பிவிடும் ரிமோட் முனைக்கு, சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும் வயரைக் கொடுங்கள். பேட்டரியில் நேராகக் கொடுத்தால் பேட்டரி வடிந்து காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம். ஹை லெவல் ஆம்புகள் பலவற்றில் சிக்னல் வந்ததும் தானே விழித்துக்கொள்ளும் வசதி இருக்கும்; அப்போது இந்த வயரே தேவையில்லை.

கெயின் திருகியைப் பலர் வால்யூம் என்றே நினைக்கிறார்கள். ஸ்டீரியோ தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவது மட்டுமே அதன் வேலை. ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் அளவில் வைத்து, கெயினைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். கரகரப்பு தலைகாட்டியதும் கொஞ்சம் இறக்கி நிறுத்திவிடுங்கள். கீழ் ஒலிகளைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் கதவு ஸ்பீக்கர் தன்னால் முடியாத பேஸைத் தூக்கித் திணறாது.

கேள்வி: ஆம்ப் வைத்த நாளிலிருந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஊய்ங்' என்று சத்தம் ஏறி இறங்குகிறது. ஆம்ப் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பாடுவது. முதலில் எர்த்தைப் பாருங்கள். பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகரத்தில், பவர் வயரின் அதே தடிமனில், முடிந்தவரை குட்டையான வயரால் இறுக்குங்கள். அப்படியும் போகவில்லை என்றால் சிக்னல் வயரும் பவர் வயரும் ஒரே பக்கமாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் கொண்டுபோங்கள். சத்தத்தை அடக்கும் ஃபில்டர் வாங்குவதெல்லாம் கடைசிப் பேச்சு.

கேள்வி: இரண்டு சேனல் ஆம்ப்தான் இருக்கிறது. ஒரு சேனலுக்கு இரண்டு ஸ்பீக்கர் கொடுக்கலாமா?

பதில்: இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கொடுத்தால் சேனலுக்கு 2 ஓம் ஆகிவிடும். '2 ஓம் ஸ்டீரியோ' என்று ஆம்பில் எழுதியிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து, கொடுக்காதீர்கள். பிரிட்ஜில் பெரும்பாலான ஆம்புகளுக்கு 4 ஓம்தான் எல்லை. முன், பின் சத்தத்தைத் தனித்தனியாகச் சரிசெய்யும் வசதியும் போய்விடும். அது பரவாயில்லை என்றால் புது ஆம்ப் வாங்கத் தேவையில்லை.